மீனுக்குக் காய்ச்சிய வெந்நீர்

மாமியாரிடம் பொய்யே சொல்லாத மருமகள் எங்காவது இருக்கலாம். நான் பார்த்ததில்லை, கண்ணாடியில்கூட. ஆனால் வாயைத் திறக்காமல், வெறுமனே தலையை ஆட்டிச் சொன்ன ஒரு பொய்யை இருபது நாள் வெந்நீர் போட்டுக் காப்பாற்றியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் கல்யாணச் சீரில் கட்டில், பீரோ, கிரைண்டர் இவற்றோடு இரண்டரை அடி நீளத்தில் ஒரு மீன் தொட்டியும் உண்டு. செங்கல்பட்டிலிருந்து குட்டி யானை வண்டியில் அது உத்திரமேரூர் வந்து இறங்கியபோது தெருவே கூடி நின்று பார்த்தது. "இன்னா வேலு, நம்மூரு ஏரி பத்தலன்னு மாமனாரு வூட்ல வேற ஒண்ணு குட்த்து அனுப்பிக்கிறாங்களா?" என்று ஒருவர் கேட்க, என் வீட்டுக்காரர் வேலு அசட்டுத்தனமாகச் சிரித்தார். நான் மடியில் பிளாஸ்டிக் கவரும் அதற்குள் பன்னிரண்டு கப்பி மீனுமாக, பட்டுப்புடவையில் இறங்கினேன். (ஆரத்தி எடுக்கும்போதுகூட கவரைக் கீழே வைக்கவில்லை. கல்யாண வீடியோவில் இருக்கிறது.)

மாமியார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை. "வாம்மா", "சாப்ட்டியாம்மா", "தூங்கும்மா" என்று மூன்றே சொற்களில் என்னோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா என்னை எருமை என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். அத்தை காட்டிய அந்த மரியாதை எனக்கு அந்நியமாக இருந்தது. விருந்தாளியிடம்தான் அப்படிப் பேசுவார்கள். இவர் என்னை என்றைக்கு ஒரு வார்த்தை திட்டுவாரோ, அன்றைக்குத்தான் நான் இந்த வீட்டுக்காரி என்று நினைத்துக்கொண்டு ஏங்கிக்கிடந்தேன். எங்கள் அறைக்குள்ளும் வரமாட்டார். புதுசாகக் கல்யாணமானவர்கள் அறையாம். வாசற்படியோடு நின்றுவிடுவார்.

சித்திரையில் ஏரித் தண்ணீர் உள்வாங்கியபோது வேலு ஒரு கருவேல வேரைத் தூக்கிக்கொண்டு வந்தார். எந்த வெள்ளத்தில் விழுந்த மரமோ, ஐந்து விரலையும் விரித்துவைத்த கைபோல அழகாக இருந்தது. எனக்கு நகை வாங்கித் தந்திருந்தால்கூட அவ்வளவு துள்ளியிருக்க மாட்டேன். தொட்டிக்குள் ஒளிந்துகொள்ள ஓர் இடமில்லாமல் என் கப்பிகள் மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. புது இடம் அல்லவா, பாவம்.

அந்த மாதிரிக் கட்டையை அப்படியே தண்ணீரில் போட்டுவிட முடியாது. பட்டையை உரித்து, சோப்பே படாமல் கல் உப்பும் தேங்காய் நாருமாகத் தேய்த்து, மணிக்கணக்கில் வேக வைக்க வேண்டும். அதிலிருந்து டிகாக்‌ஷன் மாதிரிச் சாயம் இறங்கும். அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மறுபடி வேக வைக்க வேண்டும். சாயம் நிற்கும்வரை, மிதக்கிற கட்டை ஊறி மூழ்கும்வரை, நாள் கணக்கில் இதே வேலை. எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தவளுக்கு இதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. எந்தப் பாத்திரத்தில் வேக வைப்பது என்பதைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

வேர் போகிற அளவுக்கு வீட்டில் இருந்தது ஒரே பாத்திரம். அத்தையின் வெந்நீர் அண்டா. அத்தை சொர்ணவாரிப் பட்டத்து நெல் நடவுக்குக் கழனிக்குப் போயிருந்தார். கேட்காமல் எடுத்தேன். கொல்லையில் இருந்த விறகடுப்பில் அண்டாவை ஏற்றி, வேரை உள்ளே இறக்கி, அது மிதக்காமல் இருக்க மேலே ஒரு கருங்கல்லையும் வைத்தேன். அத்தை வருவதற்குள் கழுவிக் கவிழ்த்துவிடலாம் என்பது என் திட்டம். அன்றைக்குப் பார்த்து நடவு சீக்கிரம் முடிந்துவிட்டது.

முழங்கால்வரை சேறோடு அத்தை கொல்லைக்கு வந்தார். அண்டாவைப் பார்த்தார். கொதிக்கிற செம்பழுப்புத் தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? வேரு போட்டு காச்சிகினு கீற?"

அண்டாவைக் கேட்காமல் எடுத்ததற்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தையே கேட்டார்: "என் முட்டிக்கா?"

முப்பது வருஷம் சேற்றில் நின்று நாற்று நட்ட முட்டி அது. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. அதை யாரிடமும் அவர் சொல்லிக் கேட்டதில்லை. நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் என் குற்றம், ஓர் அங்குலம் மேலே, ஓர் அங்குலம் கீழே.

அத்தையின் கண் கலங்கிவிட்டது. "நான் பெத்தது ரெண்டும் ஆம்பள. ஒருத்தனும் கேட்டதில்லம்மா, உனக்கு இன்னா வலிக்குதுன்னு" என்றார். பிறகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து காலை நீட்டினார். நான் மீன் கட்டை வெந்த தண்ணீரை விளாவி, மொண்டு மொண்டு அந்த முட்டியில் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற, "ஸ்ஸ்... அம்மாடி... நல்லா கீதும்மா" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். எழுந்து போகும்போது தயங்கி நின்று, "நாளைக்கும் போடுவியாம்மா?" என்று கேட்டார்.

மறுநாள் தெரு முழுக்கச் செய்தி. செங்கல்பட்டு மருமகள் ஏதோ வேர் காய்ச்சி ஊற்றுகிறாள், வலி பறந்துவிட்டது! (சூடான தண்ணீரை எது போட்டு ஊற்றினாலும் கொஞ்சம் பறக்கத்தான் செய்யும்.) "இன்னா வேரும்மா?" என்று கேட்டவர்களிடம், "எங்க ஊர் வைத்தியர் சொன்னது" என்று எடுத்துவிட்டேன். எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியர் மாட்டு டாக்டர்.

இதில் நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டதையும் சொல்லிவிட வேண்டும். கட்டைக்குத் தினமும் கொதி வேண்டும், அத்தைக்குத் தினமும் வெந்நீர் வேண்டும். எப்பேர்ப்பட்ட மூளை எனக்கு! சாயங்காலம் ஐந்து மணியானால் அடுப்பைப் பற்றவைப்பேன். முட்டியில் ஊற்றும்போது அத்தை பேச ஆரம்பித்தார். மூன்று சொற்கள் முந்நூறாயின. தான் கல்யாணமாகி வந்த புதிதில் யாரும் முகம் கொடுத்துப் பேசாததால் கழனிக் கிணற்றடியில் போய் உட்கார்ந்திருப்பாராம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். தினமும் நாளைக்கு என்று தள்ளினேன்.

பதினாறாம் நாள் கட்டை சாயம் விடுவதை நிறுத்தியது. அழகாக மூழ்கியும் விட்டது. தொட்டிக்குள் வைத்தேன். கப்பிகள் விரலிடுக்குகளில் புகுந்து புகுந்து வந்தன. ஆனந்தமாக இருந்தது. ஆனால் அன்று சாயங்காலம் வெறும் வெந்நீரைப் பார்த்து அத்தையின் முகம் வாடியது. "கலரே இல்லியேம்மா. வேரு சத்து பூட்ச்சி போல."

அடுத்த நாள் இரண்டு ஸ்பூன் டீத்தூளைத் துணியில் முடிந்து அண்டாவில் போட்டேன்.

என்னை எதுவும் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அது மிகச் சரியான யோசனையாகத்தான் தெரிந்தது. நிறம் அட்டகாசமாக வந்தது. "இப்பதாம்மா வேரு நல்லா எறங்கிக்கிது" என்று அத்தையே பாராட்டினார்.

இருபதாம் நாள் சாலவாக்கத்திலிருந்து டவுன் பஸ் ஏறி அத்தையின் தங்கை வந்து சேர்ந்தார். அவருக்கும் முட்டி வலி. அக்கா சொன்ன அதிசய வேரைப் பார்த்துவிட்டு, முடிந்தால் ஒரு துண்டு உடைத்துக்கொண்டு போக மஞ்சள் பையோடு வந்திருந்தார். சின்னத்தை சாலவாக்கத்தில் இருபத்தைந்து வருஷமாக என்ன தொழில் செய்கிறார் தெரியுமா? டீக்கடை.

அக்காவும் தங்கையும் கல்லில் பக்கத்தில் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். "மேகலா, சின்னத்தைக்கும் ஊத்தும்மா. இவ கை வெச்சாலே பாதி வலி பூடும், பாரு" என்றார் அத்தை. ஒரு சொம்பு ஊற்றினேன். சின்னத்தையின் மூக்கு உறிஞ்சியது.

"யக்கா, இது டீ."

"சும்மா கெட. கடையிலயே கெடந்து உனக்கு எல்லாமே டீயாத்தான் தோணும்."

சின்னத்தை உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தினார். நக்கிப் பார்த்தார். தொழில்காரரின் நிதானத்தோடு, "சாதா தூளு. சக்கரதான் இல்ல" என்றார்.

அத்தை எழுந்து போய் அண்டா மூடியைத் திறந்தார். உள்ளே வேர் இல்லை. துணி முடிச்சு ஒன்று மிதந்துகொண்டிருந்தது. "வேரு எங்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. (கேட்டுப் பார்த்தேன்.) எங்கள் அறைக்கு நடந்தேன். அத்தை பின்னாலேயே வந்து, முதல்முறையாக அந்த வாசற்படியைத் தாண்டினார். தொட்டியின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கப்பிகள் வேரைச் சுற்றிச் சுற்றி விளையாடின.

"அழகாதான் கீது" என்றார். பிறகு, "அப்ப இது மொதல்லேந்தே மீனுக்கா?"

"ஆமா அத்த."

"எனக்குன்னு இல்ல."

அவர் ஒரு சத்தம் போட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். போடவில்லை. தலை வாரி, இரண்டு புடவையை மடித்துப் பையில் வைத்து, "நாலு நாளு தங்கச்சி வூட்ல இருந்துட்டு வரேம்மா" என்று அதே பழைய மரியாதையோடு சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வேலு வந்து கதையைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எங்கம்மா யார்கிட்டயும் எதுவும் கேக்காது மேகலா. என்கிட்டகூட ஒண்ணும் கேட்டதில்ல. உன்கிட்டதான் நாளைக்கும் போடுவியான்னு கேட்ச்சி." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் ஐந்து மணிக்கு என் கை தானாக அடுப்பைப் பற்றவைத்துவிட்டது. தண்ணீர் கொதித்தது. துவைக்கிற கல் காலியாகக் கிடந்தது. கொல்லையில் நின்று நன்றாக அழுதேன். அந்த அழுகையில் மீன், கட்டை எதுவும் இல்லை. எனக்கு அத்தைதான் வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலையில் வேரைத் தொட்டியிலிருந்து தூக்கி, ஈரத் துண்டில் சுற்றி, வாளியில் வைத்துக்கொண்டு சாலவாக்கம் பஸ்ஸில் ஏறினேன். ஐந்து விரலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "இன்னாம்மா அது, யாருக்கு எட்த்துகினு போற?" என்றார் கண்டக்டர். "மாமியாருக்கு" என்றேன். பஸ்ஸே அமைதியாகிவிட்டது. "எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கங்கம்மா" என்றார் அவர்.

அத்தை டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வாளியை அவர் காலடியில் வைத்தேன். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த வசனம் மறந்துவிட்டது.

"தப்புதான் அத்த. மொத நாள் மீனுக்குத்தான் காச்சினேன். அப்புறம் உங்களுக்குத்தான். கட்ட தொட்டிக்குள்ள போனப்புறமும் உங்களுக்குன்னுதான் டீத்தூள் போட்டேன். இந்தக் கட்ட இனிமே உங்களுது. வீட்டுக்கு வாங்க. நீங்க இல்லாம எனக்கு அங்க யாரும் இல்ல."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. வாளிக்குள் பார்த்தார். "இத எட்த்துட்டியே, மீனுங்க இன்னா பண்ணும்?" என்றார்.

"மூலைல ஒட்டிகினு நிக்குது."

அவ்வளவுதான், வெடித்தார். "அறிவு கீதாடி உனக்கு? வாயில்லாத ஜீவன், ஒளிய எடமில்லாம அல்லாடிகினு கெடக்கும். அத வுட்டுட்டு இத தூக்கிகினு பஸ் ஏறி வந்துகிறா! எம்மெஸ்சி படிச்சவளாடி நீ? எருமைக்குக்கூட..."

அவர் திட்டிக்கொண்டே போனார். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. டீ! என்னை டீ போட்டுத் திட்டுகிறார்! நான் அழுதுகொண்டே சிரித்தேன். சின்னத்தை இரண்டு கிளாஸைக் கொண்டுவந்து நீட்டி, "இத குடிங்க. காலுல ஊத்திக்காதீங்க" என்றார். மீன்கள் பாவம் என்பதால் அடுத்த பஸ்ஸிலேயே அத்தை என்னோடு கிளம்பிவிட்டார். வாளியை வழி முழுக்கத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

ஏழு வருஷம் ஆகிவிட்டது. இன்றும் எங்கள் வீட்டில் யார் யாருக்கு எது செய்தாலும் ஒரு கேள்வி வரும். நான் வேலுவுக்குத் தோசை வார்த்தால், "இது எனக்கா, மீனுக்கா?" என்பார். வேலு எனக்குப் புடவை எடுத்துவந்தால் நான் கேட்பேன். சின்னத்தை போனில் நலம் விசாரித்தால்கூட அத்தை அதைத்தான் கேட்கிறார். பேசக் கற்றுக்கொண்ட என் மூத்தவள் அம்மா, அப்பாவுக்கு அடுத்துச் சொன்னது அதுவாகத்தான் இருக்கும்.

போன மாதம் இரண்டாவது மகள் பிறந்தாள். எங்கள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்பதால் பிரசவம் இங்கேயே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் குளியலுக்கு அத்தை என்னை மணையில் உட்காரவைத்து, வலிக்கிற முட்டியோடு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் செம்பழுப்பாக இருந்தது.

"அத்த, இது எனக்கா, மீனுக்கா?"

"உனக்குத்தாண்டி. மீனு இன்னா புள்ளையா பெத்துகினு கெடக்குது?"

(கப்பி மாதம் தவறாமல் இருபது, முப்பது குட்டி போடும். வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.)

"தொட்டிலேந்து கட்டைய எடுத்துட்டீங்களா?"

"சாய்ந்தரம் வெச்சிடுவேன். நாரு போட்டு நல்லா தேச்சிதான் காச்சினேன். சோப்பு போடல."

முதல் சொம்பு தோளில் விழுந்தது. இதமாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது. ஏழு வருஷத்துக்கு முன்னாலேயே சாயம் போன கட்டை அது. தோளைப் பார்த்தேன். கறுப்பாக ஒரு துகள் ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன்.

"அத்த..."

"கலரே வரலடி. அதான் ரெண்டு ஸ்பூனு போட்டேன். தலைய குனி."

குனிந்தேன்.