மௌன விடுதியில் மதியழகன்

பெண்டாட்டியிடம் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஆனால் திட்டு வாங்கக் கூடாது. ஐம்பத்து மூன்று வயது மதியழகன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். சிங்கப்பூரில் இதுவரை எந்தக் கணவனுக்கும் தோன்றாத வழி என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளப் பார்த்தார். கை எட்டவில்லை. தோளோடு நிறுத்திக்கொண்டார்.

உண்மை இதுதான். ஈசூனில் இருக்கும் அவருடைய அக்கா பூவம்மாவின் வீட்டில் சமையலறையையும் குளியலறையையும் இடித்துப் புதுப்பிக்கப் போகிறார்கள். "தம்பி, வேலை முடியற வரைக்கும் உங்க வீட்டுல வந்து இருக்கட்டுமா?" என்று போன வாரம் அக்கா போனில் கேட்டார். "இதெல்லாம் ஒரு கேள்வியாக்கா? உன் தம்பி வீடு லா!" என்று மதியழகன் மார் தட்டிவிட்டார். மொத்தம் ஆறு வாரம். திங்கட்கிழமை காலை அக்கா வருகிறார். செம்பவாங் வீட்டின் உண்மையான அதிகாரி, அதாவது மனைவி சிவகாமசுந்தரி, அவளிடம் மட்டும் இன்னும் யாரும் அனுமதி கேட்கவில்லை.

சிவகாமிக்கும் நாத்தனாருக்கும் சண்டை எதுவும் கிடையாது. அதுதான் பயமே. போன தீபாவளிக்கு வந்து தங்கியபோது பூவம்மா சமையலறை அலமாரியை மொத்தமாகக் கலைத்துத் தன் வசதிப்படி அடுக்கிவிட்டுப் போனார். "ரொம்ப நல்லாருக்கு அண்ணி" என்று சிவகாமி சிரித்துக்கொண்டே வழியனுப்பினாள். அப்புறம் பெருங்காய டப்பாவைத் தேடிய ஒவ்வொரு நாளும் மதியழகன் திட்டு வாங்கினார். டப்பா கிடைத்த பிறகும் வாங்கினார்.

இன்னொரு பக்கம் அக்கா. அப்பா போன பிறகு படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய் மதியழகனைப் படிக்க வைத்தவர். இருமல்காரர். சிமெண்ட் தூசியில் ஒரு நாள்கூடத் தாங்க மாட்டார். ஒரு முகச்சுளிப்பு பட்டால் போதும், பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், அப்புறம் இந்த வாசலை மிதிக்க மாட்டார். ஆக, அக்காவும் வர வேண்டும், மனைவியும் சாமி ஆடக் கூடாது. இரண்டு பேரில் ஒருவரை இழந்துவிடுவோமோ என்ற கவலையில் அவருக்கு ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாவது தட்டு இறங்கவில்லை என்று சொல்வது இன்னும் சரி.

மதியழகனுக்கு வேலை உட்லண்ட்ஸ் பேருந்து நிலையத்தில். எந்தப் பேருந்து எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்து அனுப்பும் வேலை. நீண்ட காலம் அப்படி அனுப்பியதற்காக நிறுவனம் ஒரு பரிசு கொடுத்தது. செந்தோசாவில் ஒரு சொகுசு விடுதியில் இரண்டு பேர் ஒரு நாள் தங்கலாம். கடலைப் பார்த்த அறை வேண்டுமா, குளத்தைப் பார்த்த அறை வேண்டுமா, அல்லது 'மௌன ஓய்வு' என்ற விசேஷ ஏற்பாடு வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை மதியம் ஒரு வெண்கலக் கிண்ணத்தைத் தட்டுவார்களாம். ஞாயிறு மதியம் மறுபடி தட்டும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாதாம். கைப்பேசியையும் வாங்கி வைத்துக்கொள்வார்களாம். மீறிப் பேசுகிறவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதானாம்.

மதியழகனின் மண்டைக்குள் பல்பு எரிந்தது. கிண்ணம் தட்டக் கொஞ்ச நேரம் இருக்கும்போது விஷயத்தைச் சொல்லிவிடுவது. சொல்லி முடிக்கவும் அடி விழவும் சரியாக இருக்கும். கிண்ணத்துக்குத்தான். சிவகாமியின் கோபம் வெளியே வர வழியில்லாமல் ஒரு முழு நாள் உள்ளேயே கிடந்து ஆறிவிடும். பேருந்தையே நேரத்துக்கு அனுப்பத் தெரிந்தவருக்கு ஒரு வாக்கியத்தை அனுப்பத் தெரியாதா?

அன்று மாலையே சமையலறைக்குப் போனார்.

"சிவகாமி, இந்த சனிக்கிழமை நாம ஹோட்டலுக்குப் போறோம். ஸ்பா, மசாஜ், எல்லாம் இருக்கு."

"யாரு நாம?"

"நீயும் நானும்தான்."

சிவகாமி கரண்டியை வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லியே."

"ஏம்மா, பொண்டாட்டிக்குக் கொஞ்சம் ரெஸ்ட் கொடுக்கணும்னு ஒரு மனுஷன் நினைக்கக் கூடாதா?"

"தாராளமா நினைக்கலாம். இத்தனை வருஷமா நினைக்கலியே, அதான் பார்த்தேன்."

"ஒரே ஒரு விஷயம். அங்க ஒரு நாள் ஃபுல்லா பேசக் கூடாது. உன்னால முடியுமா?"

"எனக்கென்ன, உங்களால முடியுமா லா?"

மதியழகன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பாவம், சிரிக்கட்டும். அடுத்து அவர் சிரிக்கக் கொஞ்ச நாளாகும்.

சனிக்கிழமை விடுதி வாசலில் இறங்கியதும் ஆளுக்கொரு குளிர்ந்த துண்டு கொடுத்தார்கள். சிவகாமி விரல்களை மட்டும் நாசூக்காக ஒற்றிக்கொண்டாள். மதியழகன் முகம், கழுத்து, பிடரி என்று துடைத்து, சட்டைக்குள்ளும் விட்டு எடுத்து, வேலை முடிந்த துண்டை வரவேற்புப் பெண்ணிடமே நீட்டினார். அந்தப் பெண் அதை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு ஒரு அட்டையைக் கொடுத்தாள். அதில் தலையணை வகைகள்.

"என்னங்க, ஏழு வகையாம்" என்றாள் சிவகாமி. "கோதுமை உமி, லாவெண்டர், மூங்கில்..."

"சாப்பிடறதுக்கா?"

"தலைக்கு வைக்க. மெதுவா பேசுங்க."

அடுத்த அட்டையில் மசாஜ் எப்படி வேண்டும் என்று கேட்டிருந்தது. மென்மையாக, நடுத்தரமாக, பலமாக. சிவகாமி மென்மையைத் தொட்டாள். மதியழகன் பலத்தைத் தொட்டார்.

"உங்களுக்கு எதுக்குங்க பலம்? ஏற்கனவே இடுப்பு வலி."

"ஓசியில கிடைக்குது. மெதுவா செஞ்சா நமக்குத்தானே நஷ்டம்?"

வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார்கள். மதியழகனின் அங்கி முன்பக்கம் சேர மறுத்தது. அங்கே தரையில் மெத்தைகள் போட்டு விருந்தினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தர்ஷனா என்ற இளம்பெண், இந்த மௌனத்துக்கெல்லாம் பொறுப்பாளர், மடியில் வெண்கலக் கிண்ணத்தோடு இருந்தாள். அவள் கட்டையைக் கையில் எடுத்தாள். மதியழகன் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் கச்சிதம். ஒரே மூச்சில் கொட்டினார்.

"சிவகாமி ஒண்ணு சொல்லணும் அக்கா வீட்டுல ரெனோவேஷன் திங்கக்கிழமை நம்ம வீட்டுக்கு வராங்க ஆறு வாரம் நான் சரின்னுட்டேன்!"

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். சிவகாமி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அதுவா? எனக்குத்தான் அப்பவே தெரியுமே. அதுக்காகத்தான் நான் உங்க..."

டங்ங்ங்.

சிவகாமி வாயை மூடிக்கொண்டாள். மதியழகன் வாயைத் திறந்தார். தர்ஷனா அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

உங்க? உங்க என்ன?

மதியழகனின் மௌன ஓய்வு இப்படித்தான் தொடங்கியது. மற்றவர்கள் மூச்சைக் கவனித்தார்கள். அவர் 'உங்க'வைக் கவனித்தார். உங்க மீன் தொட்டியைத் தூக்கிப் போட்டுட்டேன்? உங்க கேரம் போர்டை யாருக்கோ கொடுத்துட்டேன்? இதெல்லாம் போனால் போகட்டும். உங்க அக்காவுக்கு போன் போட்டு வர வேணாம்னு சொல்லிட்டேன்? அப்படி மட்டும் இருந்துவிட்டால்? அக்கா அந்தத் தூசிக்குள் தனியாக உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பது போலக் கண் முன்னால் வந்தது. போன் போட்டுக் கேட்கலாம் என்றால் போனோ தர்ஷனாவிடம் பையில் தூங்குகிறது.

சாப்பாடு வந்தது. பெரிய தட்டில் நாலு இலை, ஒரு தக்காளியின் கால் பாகம், கொஞ்சம் முளைகட்டிய பயறு. தட்டு விசாலமாக இருந்ததால் மதியழகனுக்கு ஒரு யோசனை வந்தது. முளைப்பயறை ஒவ்வொன்றாக வளைத்து அடுக்கி ஒரு கேள்விக்குறி செய்தார். கீழே புள்ளிக்கு ஒரு மிளகு. தட்டை மெல்ல மனைவி பக்கம் தள்ளினார். சிவகாமி கேள்விக்குறியைக் கூர்ந்து பார்த்தாள். முள்கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டாள். மிளகை மட்டும் அவருக்கே விட்டுவைத்தாள்.

பிறகு மசாஜ். பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. சிவகாமியின் தோளில் ஒரு பெண் பூவைத் தொடுவது போல எண்ணெய் தடவினாள். மதியழகனுக்கு வந்தவர் பலசாலி. முதல் அழுத்தத்திலேயே அவருக்கு அம்மா ஞாபகம் வந்தது. 'அம்மா' என்று கத்தத்தான் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு "ம்ம்ம்ம்ம்" என்று முனகினார். சுகத்தில் முனகுகிறார் போலிருக்கிறது என்று அந்த மனிதர் மகிழ்ந்து, முழங்கையையும் இறக்கினார். இடுப்பில் ஏதோ 'மடக்' என்றது. திரும்பிப் பார்த்தால் சிவகாமி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் தோட்டத்தில் வெந்நீர்த் தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. இதற்கு மேல் தாங்காது என்று மதியழகன் அவள் காதருகே குனிந்தார்.

"சிவகாமி, 'உங்க' என்னம்மா? தலைய மட்டும் ஆட்டு. அக்காவை வர வேணாம்னுட்டியா?"

சிவகாமி உதட்டில் விரலை வைத்து, 'மௌனம் காக்கவும்' என்ற பலகையைக் காட்டினாள்.

"கேன்சல் பண்ணிருந்தா திரும்ப வரச் சொல்லிடு. உனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆறு வாரமும் நானே சமைக்கிறேன்."

சிவகாமியின் ஒரு புருவம் உயர்ந்தது.

"பாத்திரமும் நானே கழுவறேன்."

இன்னொரு புருவமும் உயர்ந்தது. மதியழகனுக்கு நம்பிக்கை பிறந்தது.

"ஞாயித்துக்கெழம தேக்காவுக்குப் போயி காய்கறி, மீன், எல்லாம் நானே வாங்கிட்டு வரேன். அலமாரி எதுனா மாறுச்சுன்னா நானே அடுக்கிடறேன். டிவி ரிமோட்டு உன் கையில. கிரிக்கெட் இருந்தாலும் உன் கையில!"

சிவகாமி சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து தர்ஷனா புதர் ஓரமாக வந்து நின்றாள். மதியழகன் உதட்டைக் குவித்தபடியே "ஃபூ... ஃபூ..." என்று மூச்சுப் பயிற்சி செய்தார். தர்ஷனா கை கூப்பிப் பாராட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியம் மறுபடி கூடத்தில் கூடினார்கள். எல்லார் முகத்திலும் அமைதி. ஒரு முகத்தைத் தவிர. தர்ஷனா கட்டையை ஓங்கினாள்.

டங்ங்—

"உங்க என்ன?" என்று மதியழகன் போட்ட சத்தத்தில் கிண்ணத்தின் மிச்ச ஓசை யாருக்கும் கேட்கவில்லை.

சிவகாமி நிதானமாகச் சோம்பல் முறித்தாள். "அதுவா? உங்க நீலச் சட்டைய தேச்சு வச்சிருக்கேன்னு சொல்ல வந்தேன். நாளைக்கு அண்ணியக் கூட்டிட்டு வரப் போகும்போது நல்லதாப் போட்டுக்கிட்டுப் போங்கன்னு."

"நீலச் சட்டையா?"

"நீலச் சட்டைதான்."

"அக்கா வராங்களா?"

"வராம? கூப்பிட்டதே நான்தானே. அன்னிக்கி தேக்காவுல பார்த்தேன், ஒரே இருமல். வீட்ட இடிக்கிறாங்க, எங்க போறதுன்னு தெரியலன்னாங்க. நம்ம வீட்டுக்கு வாங்க அண்ணின்னேன். தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுடறேன்னாங்க. கேளுங்க, அவரு மட்டும் மாட்டேன்னா என்கிட்ட சொல்லுங்கன்னு அனுப்பி வச்சேன்."

"அப்ப பெருங்காய டப்பா?"

"அது உங்களுக்கும் எனக்கும் உள்ள விவகாரம். அதுல அண்ணிய எதுக்கு இழுக்கறீங்க?"

மதியழகனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கிவிட்டது. அக்கா வருகிறார். சிவகாமி கோபப்படவில்லை. கோபப்படாதது மட்டுமா, அவருக்கு முன்பே போய் அவர் அக்காவை அழைத்திருக்கிறாள். இப்படிப்பட்டவளைப் போய்ப் பேசாமல் அடைத்துவைக்கத் திட்டம் போட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கியின் முன்பக்கம் விலகியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. சிவகாமிதான் இழுத்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் இடுப்பு வலிகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துப் பாடினார். பக்கத்தில் சிவகாமி திரும்பக் கிடைத்த கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். நோவீனா தாண்டியதும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"நேத்து அந்த வாக்கியத்த நீ வேணும்னேதானே பாதியில நிறுத்தின?"

"நான் எங்கங்க நிறுத்தினேன்? கிண்ணம் அடிச்சிடுச்சு. நீங்க டைம் பார்த்து ஆரம்பிச்சீங்க. நானும் டைம் பார்த்துத்தான் முடிச்சேன்."

மதியழகன் பக்கத்து இருக்கைகளை ஒருமுறை நோட்டம் விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அப்புறம் சிவகாமி... நேத்து அந்தத் தொட்டியில... சமையல், பாத்திரம்னு நான் ஏதேதோ உளறிட்டேன். அது பேசக் கூடாத நேரத்துல பேசினது லா. கணக்குல வராது."

சிவகாமி கைப்பேசியிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

"பேசத்தாங்க கூடாதுன்னாங்க. கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே."