யாரும் பிறக்காத வியாழக்கிழமை

தேதியார் என்றொரு வகையினர் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அலுவலகத்துக்கு ஒருவராவது வாய்த்திருப்பார். நமக்கெல்லாம் வியாழக்கிழமை என்றால் வெறும் வியாழக்கிழமை. இவருக்கோ அன்று ஒரு கோட்டை விழுந்திருக்க வேண்டும், ஓர் எரிமலை வெடித்திருக்க வேண்டும், எவனாவது எதன் மீதாவது முதன்முதலாக ஏறியோ பறந்தோ விழுந்தோ தொலைத்திருக்க வேண்டும், இத்தனைக்கும் நடுவில் ஒரு மேதையாவது பிறந்து அழுதிருக்க வேண்டும்.

நம் தேதியார் குடிநீர் வாரியத்தில் பில் பிரிவுத் தலைவர். காலையில் தோள்பையைக்கூட இறக்காமல், "இன்னிக்கு என்ன நாள் தெரியுமா?" என்பார். சம்பள நாளோ என்று ஆவலாக நிமிர்ந்த தலைகள், ஏதோ ஒரு தேசத்தில் தந்திக்கம்பம் நட்ட நாள் என்று தெரிந்ததும் தொங்கிவிடும். டைப்பிஸ்ட் அம்மாள் பிறந்தநாள் என்று மிட்டாய் நீட்டினால், "உங்க பொறந்தநாள்லதானேம்மா அந்தப் பெரிய பூகம்பம்" என்று சொல்லிக்கொண்டே இரண்டாக எடுத்துக்கொள்வார். அந்த அம்மாள் இப்போதெல்லாம் அன்றைக்கு லீவு போட்டுவிடுகிறார்.

இப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் ஒரு வியாழக்கிழமை நிறைமாதமாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். மாப்பிள்ளை ரத்தம் ஏற்பாடு செய்ய ஓடியிருந்தார். டாக்டரம்மா வந்து பார்த்தார்.

"குழந்தைக்கு ஹார்ட் பீட் குறையுது. உடனே ஆபரேஷன் பண்ணிடணும்."

மகளின் முகம் வெளிறிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, தேதியாரும் பதறித்தான் போனார். பதறிய கை எங்கே போனது? மகளின் தலைக்கா? சட்டைப்பையிலிருந்த செல்போனுக்கு.

"டாக்டர், நாளைக்குக் காலைல வரைக்கும் தள்ள முடியாதா? நாளைக்கு ஒரு பெரிய விஞ்ஞானி பொறந்தநாள். இன்னிக்குத் தேடிப் பார்த்துட்டேன். எங்கேயோ ஒரு பாலம் இடிஞ்சிருக்கு, அவ்வளவுதான். யாருமே பொறக்கலை."

டாக்டரம்மா ஒப்புதல் படிவத்தை எடுத்து நீட்டினார். மகளின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த தேதியாரின் மனைவி, கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தார்.

"நான் பொறந்தேன்," என்றார். "இதே தேதியிலதான்."

"எனக்கு அம்மா நாளே போதும் டாக்டர்," என்றாள் மகள். "எங்கே கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க."

அரை மணி நேரத்தில் பேத்தி போட்ட கூச்சல் வராந்தா முழுக்கக் கேட்டது. நல்ல தொண்டை. மனிதர் அழுதேவிட்டார். திருந்தினாரா என்கிறீர்களா? மனைவியின் பக்கத்தில் போய் நின்றார், தொண்டையைச் செருமினார், மிகுந்த பணிவோடு கேட்டார்: "நீ பொறந்தது எந்த வருஷம்?"

அந்த அம்மாள் குழந்தையைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டே, நாம் பிறந்த தேதியில் எந்த மகான் பிறந்தார் என்று செல்போனைத் துழாவுகிறதே ஒரு கை, அது யாருடையது? துழாவுங்கள், தப்பில்லை. அதற்கு முன், பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாரே, அவர் பிறந்த தேதியை அவரிடம் கேட்காமல் சொல்லிவிடுங்கள் பார்க்கலாம்.