மரியாதை தெரிந்த தராசு

மேனேஜர் டீ கிளாஸோடு எடை மேடையில் கால் வைத்தாரோ இல்லையோ, கொட்டகை முழுக்க இருந்த ஒலிபெருக்கிகளில் ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது.

"தொண்ணூத்தாறு கிலோ."

மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிமிர்ந்தார்கள். மேனேஜர் ஊரறிய எண்பது கிலோ. டாக்டரிடம்கூட அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

"டீயையும் சேர்த்துச் சொல்லுதோ?" என்றார், யாரையும் பார்க்காமல்.

சூப்பர்வைசர் குனிந்து ஒரு சாக்கை மடிக்க ஆரம்பித்தார். அந்த மாட்டுத்தீவன ஆலையில் எடை மேடை வாசலிலேயே தரையோடு தரையாகப் பதிந்திருந்தது. மூட்டையானாலும் மனிதனானாலும் அதை மிதிக்காமல் உள்ளே வர வழியில்லை. பழைய முள் தராசைத் தூக்கிவிட்டுத் தொடுதிரை வைத்தே ஆக வேண்டும் என்று முதலாளியம்மாவிடம் ஒற்றைக் காலில் நின்றவர் சூப்பர்வைசர்தான். "எடையை வாயாலேயே சொல்லும்" என்று விளம்பரத்தில் பார்த்து மயங்கிவிட்டார். காலையில் அவர் வந்து சேர்வதற்குள் டெக்னீஷியன் மேடையருகே ஒரு திரை, வாசல் கேபினில் ஒரு திரை என்று எல்லாவற்றையும் மாட்டிவிட்டுக் கிளம்பியிருந்தான். மதியம் முதலாளியம்மா பார்வையிட வருகிறார்.

"அவங்களுக்குப் பிடிக்கலைன்னா மெஷின் திரும்பப் போகும். துணைக்கு நீங்களும் போகலாம்," என்றார் மேனேஜர். "முதல்ல அந்தச் சத்தத்தைக் குறைங்க."

"ஒரு நிமிஷம் சார். எல்லாம் விரல் நுனியில இருக்கு."

விரல் நுனியில்தான் வினை இருந்தது. சத்தம் குறையும் என்று நம்பி ஏதோ ஒன்றை அமுக்கினார். திரையில் எண்கள் பூசணிக்காய் மாதிரி பெருத்தன. சரி பார்க்கத் தானே மேடையில் ஏறி நின்றார்.

"எழுபத்தெட்டு கிலோ," என்றது குரல், முன்னைவிடத் தெம்பாக.

அவர் டெக்னீஷியனுக்குப் போன் போட்டார். அவன் எங்கோ பைக்கில் போய்க்கொண்டிருந்தான். காற்றுதான் பாதி பேசியது.

"எடை சொல்ற சத்தத்தை எப்படிப்பா குறைக்கிறது?"

"ஏன் சார், நல்லாத்தானே சொல்றாங்க?"

"காது கிழியுதுப்பா."

"முதல் நாள்தானே சார். போகப் போகச் சரியாயிடுவாங்க."

போன் அறுந்தது. மெஷினைப் போய் 'வாங்க, போங்க' என்கிறானே, எவ்வளவு விலை உயர்ந்த சாமானாக இருக்கும் என்று சூப்பர்வைசருக்குப் பயம் கூடியது. மறுபடி திரையைத் தடவினார். இந்த முறை 'முழு விவரம்' என்ற கட்டத்தில் விரல் பட்டுவிட்டது. அடுத்து ஏறிய தவிட்டு மூட்டைக்குத் தேதி, மணி, மேடையின் நீளம், அகலம், தாங்கக்கூடிய அதிகபட்ச பாரம் எல்லாவற்றையும் குரல் ஒப்பித்தது. முடிவில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"மூச்சு விடுது பாருங்க," என்றார் மேனேஜர். "புத்தி வச்ச மெஷினா?"

"லேட்டஸ்ட் மாடல் சார்," என்று சமாளித்தார் சூப்பர்வைசர்.

அந்த நேரம் பார்த்துத் தையல் பிரிவிலிருந்து அவருடைய மனைவி வந்துகொண்டிருந்தாள். அவர் இரண்டு கையையும் நீட்டி மறித்தார்.

"சுத்திக்கிட்டு வா."

"சுவத்தை இடிச்சுக்கிட்டா வர்றது? நகருங்க," என்று மேடையில் ஏறிவிட்டாள்.

சூப்பர்வைசர் கண்ணை மூடிக்கொண்டார். இன்று இரவு சோறு கிடையாது என்பது உறுதியாகிவிட்டது.

"அளவாத்தான் இருக்கு," என்றது குரல்.

மனைவியின் முகம் விளக்குப் போட்டது போலானது. "இருக்கிறதிலேயே உருப்படியா ஒண்ணு வாங்கியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேனேஜருக்குத்தான் தாங்கவில்லை. "எனக்கு மட்டும் கிராம் சுத்தமா சொல்லணுமா?"

அதற்குள் ஒலிபெருக்கி இருமியது. ஒருமுறை அல்ல, தொடர்ந்து, வறட்டு இருமல்.

"தவிட்டுத் தூசி உள்ளே போயிருக்கு சார்," என்று சூப்பர்வைசர் ஈரத்துணியை எடுத்துத் திரையை அழுத்தித் துடைத்தார். துணி பட்ட இடமெல்லாம் பொத்தான் ஆயிற்றே. கட்டங்கள் திறந்தன, மூடின. கடைசியில் திரை முழுக்கப் புழு நெளிவது போல யாருக்கும் தெரியாத ஒரு பாஷை வந்து நின்றது. எண்கள்கூட அந்தப் பாஷையில்தான். ஒரு மூட்டையை ஏற்றினார்கள். குரல் இல்லை. இன்னொன்றை ஏற்றினார்கள். மூச்சுகூட இல்லை.

"கொன்னுட்டீங்க," என்றார் மேனேஜர், கொஞ்சம் திருப்தியாகவே.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

முதலாளியம்மா நேராக நடந்து வந்து மேடையில் நின்றார். "பேசும்னு சொன்னீங்களே, எங்கே?"

சூப்பர்வைசர் ஈரத்துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு, உடைந்து தேய்ந்த குரலில் சொன்னது:

"வணக்கம்மா. பார்த்து வாங்க, தரை வழுக்கும்."

முதலாளியம்மா அசந்துபோனார். எடை கிலோவில் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் வணக்கம் வந்தது. "பொம்பளைங்க எடையை நாலு பேர் முன்னாடி சொல்லக் கூடாதுன்னு இதுக்குத் தெரிஞ்சிருக்கே. மனுஷங்களுக்கே இல்லாத இங்கிதம். யார் சொல்லிக்கொடுத்தது?"

போன உயிர் சூப்பர்வைசருக்குத் திரும்பி வந்தது. வரும்போது கொஞ்சம் பெருமையையும் கூட்டி வந்தது.

"காலையிலிருந்து நான்தாம்மா பக்கத்துல இருந்து பழக்கினேன். முதல்ல கொஞ்சம் முரண்டு பிடிச்சுது. இப்போ நான் நினைச்சதைப் பேசும்."

"நம்ம மத்த ஆலைகளுக்கும் இதையே வாங்கிடுவோம். எல்லா இடத்துக்கும் நீங்களே போய்ப் பழக்கிக் கொடுங்க. மேனேஜர், இவருக்கு வேண்டியதைச் செஞ்சு கொடுங்க."

மேனேஜர் தொண்ணூத்தாறு கிலோவோடும் தலையாட்டினார்.

அப்போது, வாசல் கேபினில் இன்றுதான் காவல் வேலைக்குச் சேர்ந்திருந்த பெண்மணி, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெந்நீர் டம்ளரோடு தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"சார், 'பேசுற பெட்டி இன்னும் வரலை, அதுவரைக்கும் கேபின் திரையில வர்றதை நீங்களே மைக்ல படிங்க'ன்னு டெக்னீஷியன் தம்பி சொல்லிட்டுப் போனாரு, எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு, நாளைக்காவது அந்தப் பெட்டி வந்துருமா?"