கோப்பை ராட்டினத்திலிருந்து வந்த பேரிங்

அபர்டேர்,
ஜூன் 1998

பெருமதிப்பிற்குரிய எமிர் மச்சான் அவர்களுக்கு, இத்வால் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை மென்னாவும் மழையும் சுகம். வான்கூவரில் தங்களின் புது இடுப்பெலும்பு ஒழுங்காக மடங்கி நிமிர்கிறது என்று நம்புகிறேன். அந்த ஆபரேஷனால்தான் தாய்மாமன் இல்லாமலே நம் பெண் லோரியின் கல்யாணம் நடந்தது. ஆகவே நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

நாம் இருவரும் பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்து, மீதிக்குப் பழைய கார்களைப் பிரித்துக் கட்டினோமே, அந்தச் சிவப்புக் கிட் கார், அதில்தான் தேவாலயத்துக்குப் போவேன் என்று லோரி பிடிவாதம். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது கார் கத்த ஆரம்பித்தது. வளைவில் திரும்பினால் போதும், பன்றியைக் கொல்வதுபோல ஒரு கதறல். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் காது பொய் சொல்லுமா? இடது பின்சக்கரத்து பேரிங்தான் என்று தீர்மானித்து, கதறக் கதற பாகங்கள் விற்கும் கடைக்கு ஓட்டிப்போனேன். கடைப்பையன் கம்ப்யூட்டரைத் தட்டினான்.

"என்ன வண்டிங்க?"

"பேரெல்லாம் இல்லப்பா. நாங்களே கட்டினது."

"இவன் ஏத்துக்க மாட்டேங்குறானே. அப்படி ஒரு வண்டியே உலகத்துல கிடையாதுங்குறான்."

"அப்ப வாசல்ல நிக்கிறது என்ன?"

அவன் வெளியே வந்து காரைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தான். "சும்மா சொல்லக்கூடாது, அம்சமா இருக்கு. ஆனா கம்ப்யூட்டர்ல இல்லையே!"

அன்றுதான் தங்களுக்குப் போன் செய்து, பின்சக்கரங்களை எந்தக் காரிலிருந்து கழற்றினோம் என்று கேட்டேன். மயக்க மருந்து தெளியாத குரலில் "அது ஒரு நீலக் கார்" என்றீர்கள். மிக்க நன்றி. கழற்றிப் பார்த்தால் பேரிங்கின் முகத்தில் பொறித்திருந்த நம்பரைத் துரு தின்றிருந்தது. அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கார்டிஃப் போனேன், அளந்து பார்த்தவர் இந்த அளவை இப்போது யாரும் செய்வதில்லை என்றார், ஸ்வான்சீ போனேன், ஒன்று கிடைத்தது, வீட்டுக்கு வந்து சக்கரத்தில் தட்டிப் பொருத்தினால் மயிரிழை பெரிசு, திருப்பிக் கொடுத்தேன், வேறொன்று தந்தார்கள், அது மயிரிழை சின்னது. கார் மூன்று காலில் நிற்கிறது, மென்னா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், லோரி மட்டும் "நீங்க கண்டுபிடிச்சிருவீங்கப்பா" என்கிறாள். அதுதான் மச்சான் தாங்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள், "மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போய்த் தொலைங்க" என்று மென்னா விரட்டினாள். இங்கே பக்கத்துப் போர்த்கால் கடற்கரையில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். பிள்ளைகள் கோப்பை ராட்டினத்தில் ஏறின. பெரிய பெரிய தேநீர்க் கோப்பைகள், உட்கார்ந்ததும் கிறுகிறுவென்று சுற்றுமே, அதுதான். சிப்ஸ் தின்றுகொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அதே கதறல்! நம் காரின் குரல், ஒரு மஞ்சள் கோப்பைக்குள்ளிருந்து!

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தியபடி ஓடினேன். ராட்டினத்துக்காரி ரோசினா, ஆறடி உயரம், இரண்டு கையிலும் பச்சை குத்தியவள், இறங்கி வந்தாள்.

"என்னய்யா, பார்த்ததுக்கே தலை சுத்துதா?"

"இல்லம்மா, அந்த மஞ்சக் கோப்பை... அதுக்கு அடியில என்ன இருக்கு?"

"அதுவா? என் மாமனார் பழைய காருங்களோட அச்சை அறுத்து வச்சுக் கட்டினாரு. அது எப்பவும் அழுமூஞ்சி. மாத்த பேரிங்கு வாங்கி வச்சிருக்கேன், நேரந்தான் இல்ல."

கைக்குட்டையை அவிழ்த்தேன். அவள் தன் பேரிங்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். இரட்டைப் பிள்ளைகள்! ஒன்று ஆயுசெல்லாம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, ஒன்று மலையேறுகிறது, உள்ளே இருப்பதோ ஒரே வளையம். இந்த உலகத்தை என்னவென்று சொல்வது மச்சான்!

விஷயத்தைச் சொன்னேன். ரோசினா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எடுத்துட்டுப் போய்யா. பொண்ணு ஊர்வலம் போகட்டும். இது இன்னும் ஒரு வருஷம் அழுதா செத்தா போயிரும்?" என்றாள்.

காலையில் தட்டினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போய் உட்கார்ந்தது. சோதித்துப் பார்க்கவும் நேரமில்லை, லோரியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முதல் வளைவு. சத்தமில்லை. இரண்டாவது. மூச்.

"அப்பா, வண்டி ஓடுதா நிக்குதா?"

"ஓடுதும்மா" என்றேன். மலையெல்லாம் வழிவிட்டு ஒதுங்கி நின்றதுபோல் இருந்தது. தேவாலய வாசலில் நின்றவர்கள் நாங்கள் பக்கத்தில் வரும்வரை திரும்பவே இல்லை, அவ்வளவு நிசப்தம்.

மணமக்கள் சார்பில் தங்கள் ஆசியை வேண்டி, தங்கள் இடுப்புக்கு எங்கள் ஆசியையும் அனுப்பி முடிக்கிறேன்.

என்றும் பணிவுள்ள,
இத்வால் ப்ராசர்

பி.கு.: தபாலில் சேர்க்க மென்னாவோடு காரில் கிளம்பினேன். முதல் வளைவிலேயே பழைய கதறல். அவள் தன் இருக்கைக்கு அடியில் கைவிட்டு, "இந்தா, இந்த சீட்டுக் கம்பி தகட்டுல உரசுது" என்றாள். கல்யாணத்தன்று லோரியின் கவுன் பத்து கஜம், அந்த இடுக்கெல்லாம் திணித்துக்கொண்டு வந்ததால் சத்தம் எழவில்லை. பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவினேன், புதிதுபோல் சுற்றுகிறது. அதை ரோசினாவுக்கு அனுப்பிவிட்டேன். இருக்கைகளை மாட்டியது யார் என்று உங்களுக்கு ஞாபகப்படுத்தச் சொன்னாள் உங்கள் தங்கை.