மூடி வைத்த வேட்பாளர்

சான் ஹிலாரியோ நகராட்சியில் அடுத்த தலைவர் யார் என்பதைத் தற்போதைய தலைவர் ஒருவரே அறிவார். அறிவிப்பு நாள் வரை அந்தப் பெயர் வெளியே வரலாகாது என்பது வழிவழியாகக் காக்கப்படும் மரபு. அப்படி ஒளித்து வைக்கப்பட்டவரை மெக்சிகோவில் 'தபாதோ' என்பார்கள். சட்டியில் மூடி வைத்த குழம்பு மாதிரி. ஆளைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. கேட்டால் "நான் இல்லை" என்று எவர் மறுக்கிறாரோ, அவர்தான்.

பிறப்பு இறப்புப் பிரிவு எழுத்தர் எபிஃபானியோவுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. அவர் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வரவேண்டும், அவ்வளவுதான். அடுத்த தெருவிலிருந்து வாளி சுமந்தே மனைவி தொமித்திலாவின் தோள் இறங்கிப் போயிருந்தது.

ஒருநாள் டாக்கோ கடையில் சக எழுத்தர் ருபெர்த்தா விளையாட்டாகக் கேட்டாள்.

"என்ன, தபாதோ நீங்கதானாமே?"

"ஐயையோ, நான் இல்லம்மா!"

கடையே திரும்பிப் பார்த்தது.

"பாத்தீங்களா, எவ்வளவு பக்குவமா மறுக்கிறாரு!" என்றார் கடைக்காரர்.

மறுநாள் காலை, விதியில் இடமில்லை என்று வருடக்கணக்கில் கைவிரித்த நகராட்சி எஞ்சினியர் காசிமீரோ குழாய்களோடு வந்து நின்றார்.

"சார், நான் நிஜமாவே இல்லைங்க."

"ஆமாங்கய்யா, நீங்க இல்லவே இல்ல," என்று எஞ்சினியர் கண்ணடித்தார். "கொஞ்சம் பெரிய குழாயாவே போட்டுடவா?"

"இன்னொரு தடவை இல்லன்னு சொல்லுங்க," என்று தொமித்திலா கிசுகிசுத்தாள். "மாடிக்கும் தண்ணி ஏறட்டும்."

போகப் போக எபிஃபானியோவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன்னிடம் சொல்லாமலே தலைவர் தன்னை மூடி வைத்திருக்கலாம் அல்லவா? புதுத் தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டார்.

அறிவிப்பு நாளில் மூடி திறந்தது. உள்ளே இருந்தவர் தலைவரின் மைத்துனர். "எனக்கு அப்பவே தெரியும்," என்றது ஊர் முழுவதும். மறுநாளே எஞ்சினியர் குழாயைப் பிடுங்க ஆட்களோடு வந்துவிட்டார். எபிஃபானியோவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுபடி தூக்கிய வாளியைத் தொமித்திலா கீழே வைத்தாள்.

"தோண்டுங்க, தோண்டுங்க. அடுத்த தடவை தபாதோ யாருன்னு தெரியாமத்தானே தோண்டுறீங்க!"

கடப்பாரை அப்படியே நின்றது. எஞ்சினியர் மெல்லத் திரும்பினார்.

"ஐயா... நீங்களா?"

"நான் இல்லைங்க!" என்றார் எபிஃபானியோ, உயிர் போகிற வேகத்தில்.

குழி உடனே மூடப்பட்டது.

சாயங்காலத்துக்குள் சேதி பரவிவிட்டது. கறிக்கடைக்காரர், வாத்தியார், பாதிரியார் என்று ஆளாளுக்கு வாசலில் நின்று "நான் இல்லை" என்று சத்தியம் செய்யத் தொடங்கினார்கள். இன்று சான் ஹிலாரியோவில் குழாய் இல்லாத தெருவே கிடையாது. இத்தனை குழாய்க்கும் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான் என்பதால், எதிலும் தண்ணீர் வருவதில்லை. எப்போது வரும் என்று கேட்டால் எஞ்சினியர் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார்.

"அது ரகசியம்."