முதலில் தூக்கு, பிறகு கவிழ்

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை காலை, பேசாலையில் ஒரு ஐஸ் ஆலையில் பதினாலு வருடம் பாரந்தூக்கியை இயக்கிய கணினி நின்றுபோனது.

அதன் இடத்தில் உள்ளங்கையளவு புதுக் கணினி ஒன்றை, கணினி திருத்த வந்த பெற்றிசியா பொருத்தினாள். உப்புநீர்த் தொட்டிக்குள் இருக்கும் ஐஸ் பெட்டியைப் பாரந்தூக்கி முதலில் தூக்கவேண்டும், பிறகு கவிழ்க்கவேண்டும். பின்னேரம் நாலு மணிக்குள் ஐஸ் இறங்காவிட்டால் பதினாறு வள்ளங்கள் கரையிலேயே கிடக்கும்.

விசையை அழுத்தினாள். ஒன்றும் அசையவில்லை.

"கட்டளை வெளியில வரேல்லை, நானா," என்றாள் முதலாளி ஜுனைதீனிடம்.

"பின்ன எங்க போச்சி, புள்ள?"

"உள்ளுக்கையே நிக்குது. மெமரியில ஒரு இடத்தில கட்டளையை எழுதுறம். ஆனா அது வெறும் மெமரி இல்லை, பாரந்தூக்கியின்ர வாசல். அதைக் கணினியின்ர அடி மென்பொருள், கேர்னல்தான் புரொசெசருக்குச் சொல்லி வைக்கோணும். சொல்லாட்டி, பிறகு குடுப்பமெண்டு தன்ர மடியிலயே வைச்சிருக்கும்."

"பழையது அப்பிடி வைக்கல்லயே?"

"அது எழும்பேக்கையே எது வாசலெண்டு தெரிஞ்சுகொண்டு எழும்பும். இது வேற வகை. நாங்கள்தான் சொல்லோணும்."

கேர்னலில் அப்படியே எழுதினாள். பாரந்தூக்கி அசைந்தது. பெட்டியை உப்புநீருக்குள்ளேயே கவிழ்த்துவிட்டு, வெறும் பெட்டியைத் தூக்கிக் காட்டியது. தொட்டியருகில் வேலை செய்யும் அந்தோனிமுத்து, கெட்டுப்போன கட்டியைக் கொக்கியால் இழுத்து வெளியே போட்டார்.

"முதல்ல சும்மா நிண்டுது. இப்ப அநியாயம் செய்யுது," என்றார் ஜுனைதீன்.

பெற்றிசியாவுக்கு வெட்கத்தைவிட ஆர்வம்தான் கூடியது. "மடியில வைக்காதை எண்டு சொன்னனான். வரிசையை மாத்தாதை எண்டு சொல்லேல்லை. பழையது எழுதின வரிசையிலயே அனுப்பும். இது தன்ர வசதிக்கு முன்பின்னாக்கும்."

அதையும் கேர்னலில் திருத்தினாள். பாரந்தூக்கி மறுபடியும் கவிழ்த்துவிட்டுத் தூக்கியது.

வேறு வழியில்லாமல் இரண்டு கட்டளைகளையும் வேண்டுமென்றே தலைகீழாக எழுதினாள். அப்போதும் கவிழ்த்துவிட்டுத் தூக்கியது. பழையபடி நேராக்கினாள். அதற்கும் கவிழ்த்துவிட்டுத்தான் தூக்கியது.

"எங்கட மச்சான் ஒராள் இப்பிடித்தான்," என்றார் ஜுனைதீன். "வா எண்டாலும் போவார், போ எண்டாலும் போவார்."

"அவருக்கு விளக்கப் புத்தகம் இருக்கோ, நானா?"

"அவர்ர பொஞ்சாதிக்கிட்டயே இல்ல."

அறுநூறு பக்கப் புத்தகத்தில் பெற்றிசியா தேடினாள். எப்படிச் சொன்னாலும் தலைகீழாகவே செய்யும் புரொசெசர் ஒன்று அதில் இல்லை. வெளியே வள்ளக்காரர் சத்தம் போடத் தொடங்கிவிட்டார்கள்.

மூன்று நாற்பதுக்கு, ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல், விசையை இன்னொருமுறை அழுத்தினாள்.

பாரந்தூக்கி தூக்கியது. பிறகு கவிழ்த்தது. வெள்ளைக் கட்டி மேடையில் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது.

"அல்ஹம்துலில்லாஹ்! என்ன மாத்தினீங்க?"

"ஒண்டும் மாத்தேல்லை," என்றாள் பெற்றிசியா மெதுவாக.

நாலே காலுக்குப் பதினாறு வள்ளங்களும் கடலுக்குப் போயின. அவள் மட்டும் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

அந்தோனிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நீங்கள் கரைச்சல்படுறதைப் பாத்து, ஒவ்வொரு தரம் அது தலைகீழாச் செய்த உடனயும் நானும் பாரந்தூக்கியில தூக்கிற வயரையும் கவிழ்க்கிற வயரையும் மாத்தி மாத்திச் செருகிப் பாத்தனான், தங்கச்சி."