உரும்பிராய் வௌவால்

விலங்கு கடித்து விசர் பிடித்தவனுக்கு முதலில் தண்ணீரைக் கண்டால்தான் பயம் வரும். ஆகவே தண்ணீரைப் பார்த்து நான் பயப்படாத வரைக்கும் எனக்குச் சாவில்லை. இப்படி நம்பி, ஒரு பின்னேரம் முழுக்க வீட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

நாற்பத்தாறு வயதில் வேலை போனபின் வனவிலங்குப் பாதுகாப்புப் பயிற்சியொன்றில் சேர்ந்தேன். (கூடப் படித்ததுகளுக்கு என் மகளின் வயது. என்னை ‘அங்கிள்’ என்றன. பயிற்சியில் பட்ட முதல் காயம் அதுதான்.) முடிவில் ஒரு செய்முறைத் தேர்வு. சிக்கிக்கொண்ட விலங்கொன்றைத் தனியாக மீட்க வேண்டும். தேறினால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் வேலை.

அன்று வானம் மழைக்கு இருட்டிக் கிடந்தது. உரும்பிராயில் ஒரு திராட்சைத் தோட்டம். பழத்தைக் காக்கப் பந்தலுக்கு மேல் விரித்த வலையில் பெரிய வௌவால் ஒன்று சிக்கித் தொங்கியது. நான் ஏணியில். பயிற்றுநர் சுகந்தி கீழே.

“அண்ணை, கையுறையைக் கழட்டாதேங்கோ!”

“ஓம், ஓம்” என்றேன். தடித்த கையுறையோடு நைலோன் முடிச்சு அவிழவில்லை. கழற்றினேன். வௌவாலின் வயிற்றுப்பக்கம் துடித்தது. என் விரலில் சுரீரென்றது. இரத்தம்!

“கடிச்சுப்போட்டுது! ஐயோ, நான் முடிஞ்சன்!”

ஏணியிலிருந்து இறங்கினேன் என்று சொல்லமுடியாது. தரைக்கு வந்து சேர்ந்தேன். (வழியில் பந்தலில் பாதியையும் கூட்டிக்கொண்டு.)

தோட்டக்காரர் தலையில் கைவைத்தார். “வௌவால் திண்டது போதாதெண்டு உவரையும் கூட்டி வந்தனீங்களோ, பிள்ளை?”

சுகந்தி என் விரலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். “ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேணும். ஒரு நிமிசம் பொறுங்கோ, அதை இறக்கிப்போட்டு வாறன்.”

“முதல் மனிசரைப் பாருங்கோ!” என்று கத்தினேன்.

பார்த்தார். ஆஸ்பத்திரியில் விசருக்கு ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போனேன்.

“இஞ்சாருங்கோ, கிணத்துக்கை என்ன பாக்கிறியள்?” என்றாள் மனைவி.

“பயம் வருதோ எண்டு பாக்கிறன்.”

“உப்பிடிக் குனிஞ்சு பாத்தா ஆருக்கும் பயம் வரும். விழுந்தால் நான் தூக்கமாட்டன்.”

அந்தமுறை சான்றிதழ் தரவில்லை. அடுத்த தொகுதியோடு இருந்துதான் பயிற்சியை முடித்தேன். (அதுகளும் ‘அங்கிள்’ என்றன.)

இன்றைக்கும் வீட்டில் நான் தண்ணீர்க் குவளையைத் தூக்கினால் சாப்பாட்டு மேசை அமைதியாகிவிடும். “சத்தம் போடாதேங்கோ, அப்பா தண்ணி குடிக்கிறார்” என்பாள் மகள். குடித்து முடிந்ததும் கைதட்டல். நானும் எழுந்து நின்று கும்பிடுவேன்.

நடந்தது இதுதான். விரலைக் கிழித்தது வலை கட்டிய கம்பி. நான் ஏணியில் ஏற முன்னரே வௌவால் செத்திருந்தது. துடித்தது, அதன் வயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த குட்டி. என்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுச் சுகந்தி திரும்பிப் போனபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. குட்டிக்கு அப்போதும் உயிர் இருந்தது. விடிய முன்னர் செத்துவிட்டது.